நாலு ஓம்

வான் கதவுகளுக்குள் பாட்டு வைத்துப் பழகிய கை.
ஓட்டமாவடிச் சந்தியில் கடை.
கதவென்றால் பெட்டி மாதிரி,
தகரமும் பஞ்சும் பாட்டைப் பிடித்து வைத்திருக்கும்.
படகுக்குக் கதவு ஏது?
அடித்தொனி கடலில் இறங்கிப் போய்விடும்,
திரும்பி வராது.

ஹிதாயத்துல்லா முதலாளி சொன்னது ஒரு வசனம்தான்:
"ஆறு சிலிண்டருக்கு மேலால கேக்கணும் தம்பி."

வாழைச்சேனைத் துறைமுகம். சித்திரை வெயில்.
மீற்றர் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு
படுக்கைப் பலகைக்குக் கீழே தலைகீழாய்க் கிடக்கிறேன்.
டீசல், ஐஸ், பழைய சூரை மணம்.

சப்வூபரை யாரோ முன்பே பூட்டியிருந்தார்கள்.
உள்ளே இரண்டு சுருள், ஒவ்வொன்றும் இரண்டு ஓம்.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியதில்
அம்ப் பார்ப்பது ஒரே ஒரு ஓம்.
தடை குறையக் குறைய
அம்ப் தாராளமாகிவிடும்,
இல்லையென்று சொல்லத் தெரியாத ஆள் போல
கொடுத்துக் கொடுத்துச் சூடாகி
சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு வாயை மூடும்.
நான் போனபோது
மூன்று நாளாய் மூடியிருந்தது.

கழற்றினேன்.
ஒன்றின் வாலை மற்றதன் தலையில் முடிந்தேன்.
இரண்டும் இரண்டும் நாலு.
பள்ளிக்கூடத்தில் படித்ததில்
இது மட்டும் சோறு போடுகிறது.
மூன்றாம் நாலாம் வாய்களைச் சேர்த்துச் சப்புக்கு,
முதல் இரண்டும் மேலே உள்ள ஸ்பீக்கர்களுக்கு,
எண்பதுக்குக் கீழே நீ, மேலே அவை என்று
வெட்டிப் பங்கு வைத்தேன்.
பெற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸ்.
உப்புக்கு முனையெல்லாம் கிறீஸ்.

போட்டுப் பார்க்கப் பாட்டுத் தேடினோம்.
றேடியோவில் அந்த நேரம் பாட்டில்லை, ஒரு மனிசன்:
மறு அறிவித்தல் வரை
ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாம்.
அத்தனை கனத்த குரலில்
அந்தத் துறைமுகம் அறிவித்தல் கேட்டதில்லை.
கோப்பையில் தேத்தண்ணி வளையம் வளையமாய் நடுங்கியது.
முதலாளி சொன்னார்:
"சத்தம் திறம். செய்திதான் சரியில்ல."

போகாத படகில் ஏழு பேர்.
என்ன செய்வார்கள்?
விடிய விடியப் பாட்டு.
இஞ்சின் நின்றிருந்ததால்
சப்புக்குப் போட்டியே இல்லை.
கட்டியிருந்த கயிறுகூடத் தாளத்துக்கு இழுபட்டதாம்.

விடிந்து போன் வந்தது.
காற்று இறங்கிவிட்டது, மற்றப் படகுகள் வெளிக்கிடுகின்றன,
சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்'.
மீற்றரை வைத்தேன்: பத்து தசம் எட்டு.

சுருளுக்குக் கணக்குப் பார்த்தேன்,
வாய்க்கு, வயருக்கு, பியூசுக்கு.
ஒரு பெற்றரி
ஓர் இரவை எத்தனை மணிக்குத் தாங்கும் என்று
பார்க்கவேயில்லை.
வானில் யாரும் விடியும்வரை இருப்பதில்லை.
அது சாட்டு. எனக்கே தெரியும்.

பக்கத்துப் படகு கிருபைராசாவினுடையது.
போன வருசம் அறுந்த வலைக்கயிற்றுக்குப் பிறகு
இரண்டு பேரும் பேசுவதில்லை.
இரவு முழுக்க
அந்தப் படகும் அதே பாட்டைத்தான் கேட்டுக் கிடந்தது,
வேறு வழியில்லாமல்.

யாரும் போய்க் கேட்கவில்லை.
சிவப்பும் கறுப்புமாய் இரண்டு தடித்த கேபிள்
எங்கள் தளத்தில் வந்து விழுந்தது.
முனைகளைக் கவ்வவிட்டேன்.
இஞ்சின் இருமி,
இன்னொருக்கா இருமி, எடுத்தது.

முதலாளி கேபிளைச் சுருட்டிச் சுருட்டி
நேரம் போக்கினார்.
பிறகு அந்தப் பக்கம் பார்க்காமலே,
"கரைச்சலாப் போச்சா?"

கிருபைராசா நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.
"நித்திரை இல்லகா.
ரெண்டு மணிக்குப் போட்டீங்களே ஒண்டு,
அத மறுகா எனக்கும் அனுப்புங்க."

இரண்டாவது பெற்றரிக்கு
நான் காசு கேட்கவில்லை.